ஞாயிற்றுக்கிழமை வந்த கதை

போன வருஷம் எங்கள் அலுவலகத்தில் நேர மேலாண்மை பற்றி ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வேலை, குடும்பம், உடம்பு மூன்றையும் எப்படிச் சமமாகப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். நல்ல விஷயம்தானே என்பீர்கள். நல்ல விஷயம்தான். வகுப்பு நடந்த கிழமைதான் ஞாயிறு!

வந்தவர் பாவம், நல்ல மனிதர். பலகையில் நான்கு கட்டம் போட்டார். அவசரமும் முக்கியமும் ஆனவை, முக்கியம் ஆனால் அவசரமில்லாதவை, அவசரம் ஆனால் முக்கியமில்லாதவை, இரண்டும் இல்லாதவை. போன வாரம் செய்த வேலைகளை அதில் எழுதச் சொன்னார். "குடும்பத்தோடு இருக்கும் நேரம் எந்தக் கட்டத்தில் வரும்?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பையன், வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் இருக்கும், "வகுப்பு முடிந்தபிறகு வரும் சார்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

தேநீர் இடைவேளையில் காகா தட்டோடு வந்தார். நம்மூர் காக்கா இல்லை. மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. எங்கள் அலுவலக உதவியாளர்களில் மூத்தவர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். "காகா, இந்த வாரம் ஜேஜுரி போகணும்னு சொன்னீங்களே?" என்று சும்மா கேட்டேன். புனே பக்கத்தில் ஜேஜுரியில் இருப்பது கண்டோபா கோயில். ஞாயிறு அந்தச் சாமிக்கு உகந்த நாள்.

அவர் டம்ளரை வைத்துக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமையை லோகண்டே வாங்கிக் கொடுத்தார்னு எங்க தாத்தா சொல்வார் சாஹேப். வாங்கிக் கொடுத்ததை நாமதான் பத்திரமா வெச்சுக்கலை."

அந்த 'நாம' என்பதில் அவர் இல்லை என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏனென்றால், வேலை நாளில் வகுப்பு வைத்தால் வாடிக்கையாளர் சேவை பாதிக்கும், ஆகவே ஞாயிறு வைக்கலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பியது அடியேன்தான். தேநீர் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று காகாவை வரச் சொன்னதும் நான்தான்.

சரி, யார் இந்த லோகண்டே? பி.காம். படித்து, வங்கியில் சேர்ந்து, இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகியும் எனக்குத் தெரியாது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்வது லோயர் பரேல் பக்கம். இன்று கண்ணாடிக் கட்டடங்களும் வணிக வளாகங்களுமாக இருக்கும் இந்த இடம் ஒரு காலத்தில் முழுக்கப் பஞ்சாலைகள். கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர், என்று பெயர். பம்பாயின் முதல் பஞ்சாலையைத் தொடங்கியவர் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி. 1854-ல் கம்பெனி, 1856-ல் உற்பத்தி. அதன்பின் ஆலைக்கு மேல் ஆலை. கொங்கணத்திலிருந்தும் ரத்னகிரியிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, ஒரே அறையில் பத்துப் பேர் முறை வைத்துத் தூங்கினார்கள். நாமெல்லாம் 'குடும்பத்தை ஊரில் விட்டு வந்தோம்' என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்த வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர்கள் இவர்கள்.

அவர்களுக்கு வேலை நேரம் என்று ஒரு கணக்கு கிடையாது. சூரியன் எழுந்தால் ஆரம்பம், சூரியன் விழுந்தால் முடிவு. விளக்கு வெளிச்சம் போதாத காலம் என்பதால் சூரியனே மேலாளர். கோடையில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். குளிர்காலத்தில் கொஞ்சம் குறைவு. வார விடுமுறை என்ற ஒன்றே கிடையாது. பண்டிகைக்கு ஆலையை நிறுத்துவார்கள். விடுமுறை என்று சொன்ன நாளிலும் இயந்திரம் துடைக்க வா என்று பாதி நாளைப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு.

இந்த இடத்தில் என் படிப்பு கொஞ்சம் உதவியது. கல்லூரியில் வணிகச் சட்டத் தாளில் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881 என்று ஒன்று படித்திருப்போம். வங்கித் தேர்வு எழுதியவர்களுக்கும் தலைகீழ்ப் பாடம். அதில் 25-வது பிரிவு: ஓர் உண்டியல் அல்லது கடனுறுதிச் சீட்டின் தவணை பொது விடுமுறை நாளில் முடிந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே தவணை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். பொது விடுமுறை என்றால் என்ன? ஞாயிற்றுக்கிழமைகள், இன்னும் சில நாட்கள், அரசு அறிவிக்கும் மற்ற நாட்கள். வங்கி விடுமுறைப் பட்டியலில் இன்றும் அரசு இந்தப் பிரிவைச் சொல்லித்தான் நாள் குறிக்கிறது.

அதே 1881-ல்தான் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. இயந்திர சக்தியில் ஓடும், நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைகளுக்கு மட்டும். ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரம், மாதம் நான்கு நாள் விடுமுறை. (ஏழு வயதுக்கு ஒன்பது மணி நேரம்! இதைத்தான் அன்று பாதுகாப்பு என்றார்கள்.) வயது வந்தவர்களைப் பற்றி? வேலை நேரத்துக்கு எல்லையும் இல்லை, வார விடுமுறையும் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வருஷம், ஒரே சட்டமன்றம். கடன் பத்திரத்துக்கு ஞாயிறு உண்டு. நூல் நூற்றவனுக்கு இல்லை. காகிதத்துக்குக் கிடைத்த ஓய்வு மனிதனுக்குக் கிடைக்கவில்லை. இருபது வருஷமாக நான் கையாளும் சட்டத்துக்குள் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

இப்போது லோகண்டேவுக்கு வருவோம். முழுப் பெயர் நாராயண் மேகாஜி லோகண்டே. 1848-ல் தாணேயில் பிறந்தவர். ரயில்வேயிலும் தபால் துறையிலும் வேலை பார்த்துவிட்டு ஓர் ஆலையில் பண்டகசாலைப் பொறுப்பாளராக இருந்தவர். அதாவது தறி ஓட்டியவர் இல்லை. சரக்குக் கணக்கு எழுதியவர், நம்மைப் போல. தினமும் அந்தக் கணக்கு மேஜையிலிருந்தே ஆட்கள் வருவதையும் போவதையும் பார்த்திருக்கிறார். ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் சமாஜத்தோடு சேர்ந்தவர். 1880-லிருந்து 'தீனபந்து' என்ற மராத்திப் பத்திரிகையை நடத்தினார்.

1884-ல் அரசு ஆலைத் தொழிலாளர் நிலையை விசாரிக்க ஒரு குழு அமைத்தது. அந்த வருஷம் செப்டம்பரில் லோகண்டே தொழிலாளர் கூட்டங்களைக் கூட்டினார். சுமார் 5,500 பேர் கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்ட மனு ஒன்று தயாரானது. கோரிக்கைகள் ஐந்து. ஒன்று, ஞாயிறு முழு விடுமுறை. இரண்டு, மதியம் அரை மணி நேரம் இடைவேளை. மூன்று, காலை ஆறரைக்கு ஆரம்பித்து சூரியன் மறையும்போது வேலை முடிய வேண்டும். நான்கு, ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள்ளாவது கொடுக்க வேண்டும். ஐந்து, வேலையில் அடிபட்டவனுக்குக் குணமாகும் வரை சம்பளம், ஊனமானால் பிழைப்புக்கு வழி.

இந்த ஐந்தில் மூன்று நேரத்தைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். கூலியைக் கூட்டு என்று ஒரு வரி இல்லை. இப்போது பயிற்சியாளர்கள் 'முன்னுரிமைப் பட்டியல் போடுங்கள்' என்கிறார்களே, எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான பட்டியல் கிடையாது. அரைப் பட்டினிக்காரர்கள் உட்கார்ந்து யோசித்து, முதலில் ஒரு நாள் வேண்டும், அப்புறம் சாப்பிட அரை மணி நேரம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஏன் ஞாயிறு? வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அன்றுதான் விடுமுறை என்பது ஒரு காரணம். இன்னொன்று காகா சொன்ன கண்டோபா. மராத்தி உழைப்பாளிகளின் குலசாமிக்கு உரிய நாள். தேவாலயத்துக்குப் போகிறவருக்கும் ஜேஜுரிக்குப் போகிறவருக்கும் ஒரே நாள் பொருந்திவிட்டது.

மனு உடனே பலிக்கவில்லை. ஆறு வருஷம் இழுத்தது. இடையில் நடந்த விவாதத்தைப் படித்தால் இன்றைக்கு எழுதியது போலவே இருக்கிறது. இந்திய ஆலைகளின் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்து என்று அதிகம் கத்தியவர்களில் லங்காஷயர் முதலாளிகளும் உண்டு. ஏழைகள் மேல் அன்பு மட்டும் இல்லை, பம்பாய் நூல் தங்கள் சந்தையைத் தின்கிறது என்ற எரிச்சலும்தான். அதனால் இங்கே தேசியம் பேசிய பத்திரிகைகள் பல, இது நம் தொழிலை நசுக்கும் சதி என்று தொழிற்சாலைச் சட்டத்தையே எதிர்த்தன. நாடு முன்னேற வேண்டும், ஆகவே நீ இன்னும் கொஞ்சம் நேரம் தறியில் நில் என்பதுதான் சாரம். இரண்டு பக்கத்துக்கும் நடுவே, எங்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்ற எளிய வாக்கியத்தோடு நின்றவர் லோகண்டே.

1890 ஏப்ரல் 24-ஆம் தேதி மகாலட்சுமி பக்கம் ஒரு பெரிய கூட்டம். சுமார் பத்தாயிரம் தொழிலாளர்கள். அதில் இரண்டு பெண் தொழிலாளர்கள் மேடையேறிப் பேசினார்கள். எந்தக் காலம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆனது. 1890 ஜூன் 10-ஆம் தேதி, பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் வந்த 1891 தொழிற்சாலைச் சட்டம் வாரம் ஒரு நாள் விடுமுறையையும் மதியம் அரை மணி இடைவேளையையும் எல்லோருக்கும் சட்டமாக்கியது. பெண்களுக்குப் பதினோரு மணி நேரம் என்று எல்லையும் போட்டது.

லோகண்டே அதிக காலம் இருக்கவில்லை. பம்பாயில் பிளேக் பரவியபோது நோயாளிகளுக்காக வேலை செய்து, அதே நோயில் 1897 பிப்ரவரியில் இறந்தார். வயது 49. 2005-ல் அவர் படம் போட்ட அஞ்சல் தலை வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. ஞாயிறு கிடைத்ததோடு கதை முடியவில்லை. மற்ற ஆறு நாட்களை என்ன செய்வது? இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய சில ஆண்டுகளில் பம்பாய் ஆலைகளுக்கு மின்விளக்கு வந்தது. சூரியன் என்ற பழைய மேலாளர் போய்விட்டார். இனி இருட்டினாலும் நிறுத்த வேண்டியதில்லை. சில ஆலைகளில் வேலை பதினான்கு, பதினைந்து மணி நேரம் என்று நீண்டது. மடிக்கணினியும் கைபேசியும் வந்தபின் நம் நாள் நீண்டதே, அதற்கு அண்ணன் இந்த மின்விளக்கு.

அதே சமயத்தில் கடிகாரச் சண்டையும் வந்தது. அதுவரை ரயில்களுக்கு மதராஸ் நேரம், பம்பாய்க்காரர்களுக்குப் பம்பாய் நேரம் என்று ஓடிக்கொண்டிருந்தது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் என்று ஒன்றை அரசு கொண்டுவந்தது. பம்பாய் கடிகாரம் 39 நிமிடம் முன்னால் நகர வேண்டும். நமக்கு இது வெறும் முள் திருப்பும் வேலை. காலை ஐந்தரைக்கு ஆலையில் நிற்பவனுக்கு, முப்பத்தொன்பது நிமிடத் தூக்கம் போகிறது என்று அர்த்தம். ஆலைத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். ஊரே எதிர்த்தது. பம்பாய் நேரம் என்பது சுதந்திரத்துக்குப் பிறகும், 1955 வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

நம்ம ஊர்க்காரர்களின் பங்கு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1907-08-ல் அமைந்த தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தில் மதராஸிலிருந்து போனவர் டாக்டர் டி.எம். நாயர். பிற்பாடு நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று நமக்குத் தெரியும். ஆணையத்தின் பெரும்பான்மை, வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டம் போட்டு நேரடியாகக் கட்டுப்படுத்தத் தேவையில்லை என்றது. நாயர் மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினார். ஒரு டாக்டராக, மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் 1911 சட்டம், துணி ஆலைகளில் ஆண்களுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று எல்லை கட்டியது.

1918 ஏப்ரல் 27-ல் மதராஸ் தொழிலாளர் சங்கம் உருவானதும் நேரத்தை வைத்துத்தான். பெரம்பூர் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்லி அழுத இடம் செல்வபதி செட்டியாரின் கடை. மதிய இடைவேளை அரை மணி நேரம், கை கழுவி வந்து சாப்பிட்டு மறுபடி வாசலுக்கு ஓடுவதற்குள் முடிந்துவிடுகிறது என்பது முக்கியமான குறை. அவரும் ராமானுஜலு நாயுடுவும் பி.பி. வாடியாவைத் தேடிப் போனார்கள். சங்கத்துக்கு வாடியா தலைவர் ஆனார், திரு.வி.க. துணை நின்றார். வாடியா பம்பாயில் பிறந்த பார்சி. பம்பாயில் முதல் ஆலை வைத்தவரும் பார்சி, மதராஸில் முதல் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவரும் பார்சி!

அப்புறம் படிப்படியாக இறங்கியது. கணக்குப் பிள்ளை புத்தி, பட்டியல் போட்டுப் பார்த்தேன். 1911: ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, ஆறு நாளைக்கு 72. 1922: வாரத்துக்கு 60. 1934: வருஷம் முழுக்க ஓடும் ஆலைகளில் 54. 1946: 48. சுதந்திர இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டமும் அந்த 48-ஐ வைத்துக்கொண்டது. 2020-ல் பழைய சட்டங்களையெல்லாம் தொகுத்துப் புதிய சட்டம் எழுதியபோதும், எட்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் கூடாது என்ற வரிகள் உள்ளே வந்தன. எழுபத்திரண்டிலிருந்து நாற்பத்தெட்டுக்கு வர முப்பத்தைந்து வருஷம்.

இப்போது இந்தப் பட்டியலோடு இன்னும் இரண்டு எண்களைச் சேருங்கள். 2023 அக்டோபரில் பெரிய மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய ஒருவர், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். நாட்டு முன்னேற்றத்துக்காக. 2025 ஜனவரியில் இன்னொரு பெரிய நிறுவனத் தலைவர் 90 மணி நேரம் என்றார், ஞாயிறும் வரச் சொல்ல முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். ஊரே கோபப்பட்டது, கிண்டல் செய்தது. நான் கணக்குத்தான் போட்டேன். 70 என்பது 1911-க்கும் 1922-க்கும் நடுவில் வருகிறது. 90-ஐ ஏழால் வகுத்தால் ஏறக்குறைய பதின்மூன்று. அது லோகண்டே மனு எழுதியபோது ஆலையில் இருந்த நேரம்.

வங்கிக்காரர்களுக்கும் சும்மா வரவில்லை. 1946-ல் கல்கத்தாவில் தொடங்கிய ஊழியர் சங்கம், 1953-ல் சாஸ்திரி தீர்ப்பு, 1962-ல் தேசாய் தீர்ப்பு, 1966-ல் முதல் இருதரப்பு ஒப்பந்தம் என்று வேலை நேரமும் விடுப்பும் மிகை நேர ஊதியமும் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் ஏறியவை. நான் சேர்ந்தபோது சனிக்கிழமை அரை நாள் என்று பெயர். மதியம் கவுண்டரை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஆணி பிடுங்கிவிட்டு வெளியே வந்தால் தெருவிளக்கு எரியும். 2015 செப்டம்பர் 1 முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் முழு விடுமுறை ஆயின. எல்லாச் சனியும் விடுமுறை என்று 2024 மார்ச்சில் சங்கங்களும் வங்கிகளும் ஒப்புக்கொண்டு அரசின் அனுமதியைக் கேட்டார்கள்.

இதில் ஒரு விஷயம் உண்டு. இந்த எல்லைகள் பெரும்பாலும் என் போன்ற அதிகாரிகளுக்குப் பொருந்தாது. எங்களுக்கு மிகை நேர ஊதியமும் கிடையாது. அதனால் எங்கள் ஞாயிறு மலிவு. மலிவான சரக்கு அதிகம் செலவாகும், இது பொருளாதாரப் பாடம். ஆனால் நான் ஞாயிறு வந்தால் கதவைத் திறக்க ஒருவர், தேநீருக்கு ஒருவர், பத்திரத்துக்கு இன்னொருவர் என்று வருகிறார்கள். நேரத்தை நிர்வகிக்கத் தெரியாத ஓர் அதிகாரி, தன் நேரத்தை மட்டும் வீணாக்குவதில்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். என் அப்பா நூற்பாலைத் தொழிலாளி. எங்கள் தென்மாவட்டத்து ஊரில் ஆலைச் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் அப்பா கிளம்புவார், சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பார். அப்பாவுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. எங்களுக்கு அன்று பள்ளிக்கூடம். நாங்கள் வீட்டில் இருக்கும் ஞாயிறன்று அவர் ஆலையில். ஆனாலும் வியாழக்கிழமை சாயந்திரம் நான்கரைக்குப் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு நிற்பார். ஒரு வாரம் தவறியது இல்லை. நால்வகைக் கட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. ஒரு நாள்தான் கிடைக்கிறது, அதில் நான்கரை மணி பிள்ளைகளுக்கு என்று முடிவு செய்திருந்தார்.

நான் வெளியூர் வந்தபின் ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் போன் செய்வார். "ஷிப்ட் முடிஞ்சுதாப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. வங்கியில் ஷிப்ட் கிடையாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அதே கேள்வி. பாதி ஞாயிறுகளில் நான் ஏதாவது கணக்கு முடிப்பிலோ தணிக்கைத் தயாரிப்பிலோ இருப்பேன். "அப்புறம் கூப்பிடறேன்ப்பா" என்று வைத்துவிடுவேன். அப்புறம் என்பது திங்கள் ஆகும், சில சமயம் அடுத்த ஞாயிறு ஆகும். 2019-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். அவர் ஏன் ஷிப்ட் என்றே கேட்டார் என்பது இதையெல்லாம் படித்தபிறகுதான் புரிகிறது. ஷிப்ட் என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. சங்கு ஊதினால் வீட்டுக்குப் போய்விடலாம். அவருக்குச் சங்கு ஊத ஒரு சட்டம் இருந்தது. எனக்கு ஊத யாரும் இல்லை, நானும் ஊதிக்கொள்ளவில்லை.

வகுப்பில் சொன்னது எதுவும் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நான்கு கட்டம் நல்லதுதான், இப்போதும் மேஜையில் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டத்துக்கு வெளியே நம் நேரத்தின் பெரும்பகுதியை வேறு யாரோ போராடி வாங்கி வைத்திருக்கிறார்கள். மனு எழுதி, கூட்டம் போட்டு, வேலை இழந்து வாங்கியது. நம் வேலை அதைச் சும்மா தூக்கிக் கொடுக்காமல் இருப்பதும், அடுத்தவரிடமிருந்து பிடுங்காமல் இருப்பதும். இரண்டாவதை நான் யோசித்ததே இல்லை.

நான் செய்துகொண்டது மூன்றே மாற்றம். சனி மாலைக்குப் பிறகு எனக்குக் கீழே இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் எதுவும் அனுப்புவதில்லை. தோன்றினால் தாளில் எழுதி வைத்துத் திங்கள் காலை சொல்கிறேன். (பாதி விஷயம் திங்களுக்குள் தானாகத் தீர்ந்துவிடுகிறது. அதாவது முக்கியமும் இல்லை, அவசரமும் இல்லை!) இரண்டாவது, தவிர்க்கவே முடியாமல் ஒருவரை ஞாயிறு அழைத்தால், மாற்று விடுப்பு எந்த நாள் என்று அப்போதே எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். 1891 சட்டத்திலேயே இருந்த ஏற்பாடுதான், நான் கண்டுபிடித்தது இல்லை. மூன்றாவது, ஞாயிறு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு நான் போன் செய்கிறேன். மார்ச் மாதக் கடைசியில் இவற்றில் இரண்டு உடைந்தது. அம்மாவுக்கான போன் மட்டும் உடையவில்லை.

இந்த வருஷப் பயிற்சி வகுப்புக்குத் தேதி கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. புதன்கிழமை என்று எழுதினேன். ஏன் வேலை நாளில் என்று கேட்டார்கள். பயிற்சியும் வேலைதான் என்று பதில் போட்டேன். இரண்டு வாரம் பதிலே இல்லை, பிறகு சரி என்று வந்தது. பெரிய புரட்சி இல்லை, ஒரு புதன்கிழமை.

காகா போன மாதம் ஜேஜுரி போய்வந்தார். திங்கள் காலை என் மேஜையில் செய்தித்தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம். அங்கே சாமிக்குத் தூவும் மஞ்சள் தூள். பிரித்தபோது கொஞ்சம் சிந்தி, அன்று நான் கையெழுத்துப் போட்ட கோப்பு ஒன்றில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. தட்டிப் பார்த்தேன், போகவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.